நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பசி

கிருபாவதிக்கு அந்தப் பசி வந்தது ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. அண்ணன் எழுதிய புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. அதற்கு முன்னால் மூன்று இட்லி தின்றிருந்தாள், அது போதுமானதாகவும் இருந்தது. அதுவரை அண்ணனுக்காக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தவள் அந்த வரியைக் கண்ணால்தான் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. அதற்குள் அடிவயிற்றில் யாரோ கைவிட்டுத் துழாவினாற்போல ஓர் இழுப்பு இழுத்து, கண் இருட்டியது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பானையிலிருந்த பழையதைக் குடித்தாள், மத்தியானத்துக்கு உருட்டி வைத்திருந்த கேழ்வரகுக் களி நாலையும் தின்றாள், கடைசியில் கூடையிலிருந்த கத்தரிக்காயைப் பச்சையாகக் கடித்தாள். பசி ஒரு இம்மியும் குறையவில்லை. அண்ணி பிரேமலதா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவரு புக்கு எழுதுவாராம், நான் ஆக்கிக் கொட்டணுமாம். நல்லாக் கீது உங்க வம்சம்" என்றாள்.

புத்தகம் அவர்களுடைய குடும்ப வரலாறுதான். அண்ணன் தியோடர் சித்தூரில் முப்பத்திநாலு வருஷம் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் அவரைப் படிக்க வைத்தார்கள். கிருபாவதியை ஏழாவதோடு நிறுத்தி மாம்பழம் அறுக்க அனுப்பினார்கள். ஐம்பத்தொன்பது வயதிலும் பங்காருபாளையத்துக் கூழ் ஃபாக்டரியில் அறுத்துக்கொண்டுதான் இருந்தாள், காம்புப் பால் பட்டு உள்ளங்கை கறுத்துப்போயிருந்தது. அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனால் திருப்பதியில் அச்சகம் வைத்திருந்த ஜெயபிரகாஷ் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல அவன் கம்ப்யூட்டரில் அடித்தான். அடித்ததைச் சரிபார்க்கத்தான் தங்கையை லீவு போட்டு வரச் சொன்னார். புத்தகத்தில் வேண்டிய சங்கதியெல்லாம் இருந்தது. கொள்ளுத்தாத்தா மாசான் ஞானஸ்நானத்தில் மாசிலாமணி ஆனது, பெரிய வீட்டுத் தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தது, கல்யாணத்தில் தாலியும் கட்டிக் கீர்த்தனையும் பாடியது, உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்துவைத்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம். மாசான் பெண்டாட்டி பிள்ளைகளோடு வடமாலபேட்டைக்கும் அப்பாலிருந்து சித்தூர்க் கஞ்சித்தொட்டிக்கு நடந்தே வந்தான். ஆறாவது வரி இப்படி இருந்தது: நாலு பிள்ளைகளோடு புறப்பட்டான், நாலு பிள்ளைகளோடு சேர்ந்தான், ஒன்றும் குறையவில்லை.

அந்த வரியை அடித்த ஜெயபிரகாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேமலதா மூன்று தடவை படித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த மருமகள், ரத்தம் வேறு, அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தியோடரின் மகன் ஸ்டீவன் பெங்களூரில் இருந்தான், அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அதனால் தப்பித்தான். கிருபாவதிக்கு டாக்டர் ஸ்கேன் எடுத்தார், ரத்தம் பார்த்தார், எல்லாம் நார்மல் என்று எழுதினார். ஜூன் முடிவதற்குள் ஐம்பத்தெட்டு கிலோவிலிருந்து நாற்பத்தேழுக்கு வந்துவிட்டாள். ஃபாக்டரியில் அறுக்கிற பழத்தில் பாதியைத் தின்கிறாள் என்று மேஸ்திரி கத்தினான். அவள் கொட்டையையும் சப்பினாள்.

அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே ஃபாக்டரியில் இன்னொன்றும் நடந்தது. அங்கே ரத்னம்மா என்று ஒருத்தி இருந்தாள், நாற்பது வயசு, வடமாலபேட்டையில் பிறந்து பங்காருபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆதார் கார்டில் அவள் பெயர் ஆகலி ரத்னம்மா. தெலுங்கில் ஆகலி என்றால் பசி. அதுதான் அவளுடைய அம்மா வழிக்கு ஊர் கொடுத்த வீட்டுப்பெயர். அந்த வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்க்குப் பின் மூத்த பெண்ணுக்கு வயிறு நிறைந்ததே கிடையாது. ரத்னம்மாவைப் பெற்றதும் அம்மா செத்ததால் அவளுக்குப் பிறந்த அன்றே வந்துவிட்டது. அதை வியாதி என்று யாரும் நினைக்கவில்லை, சிலருக்குச் சுருட்டை முடி இருக்கிற மாதிரி என்று இருந்துவிட்டார்கள். ரத்னம்மா இரண்டு கேரியர் சோறு கொண்டுவருவாள். திறப்பதற்கு முன் கேட்டுக்குப் போய் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள். ஆறு சீசனாகக் கிருபாவதி இதைக் கிண்டல் செய்திருக்கிறாள். "இன்னாம்மே, கலெக்டரு வராரா?" "வந்தா உனக்கும் ஒரு வாய் குடுக்கச் சொல்றேன், போக்கா." அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்னம்மா முதல் கேரியரில் பாதி தின்றுவிட்டுக் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், "எனக்குப் போதும்" என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொல்லிவிட்டு அழுதாள். பித்தம் ஏறிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

இரண்டு பேருக்கும் விஷயம் புரிய மூன்று வாரம் ஆயிற்று. ஒருத்தி இளைத்துக்கொண்டே போனாள், இன்னொருத்தி கன்னத்தில் சதை வைத்துக்கொண்டே வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து நாளையும் நேரத்தையும் சொல்லிப் பார்த்தபோது சரியாக ஒத்துப்போயிற்று. எதற்காக ரோட்டைப் பார்க்கிறாய் என்று கிருபாவதி அன்றுதான் உண்மையாகக் கேட்டாள். ரத்னம்மா சொன்னாள். அவர்கள் வழியில் முதல் மனுஷி ஒரு குழந்தை. பஞ்சத்தில் வடமாலபேட்டை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது. வண்டிக்காரன் ஒருத்தன் தூக்கிப்போய் வளர்த்தான். "எங்க நைனா கஞ்சி வாங்கிக்கினு வரேன்னு போயிருக்காரு" என்று மட்டும் சொல்லிற்றாம். கிழவியாகிச் செத்த வரைக்கும் ரோட்டைப் பார்க்காமல் ஒரு வாய் தின்றதில்லையாம். கிருபாவதி, அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மடியில் செருகியிருந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து ஆறாவது வரியைத் திரும்பப் படித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போய், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். "மிஷன் ரிஜிஸ்தர்ல நாலுதான் கீது, கிருபா" என்றார் தியோடர். "ரிஜிஸ்தர வுடு. நைனா சாவறப்ப உங்கிட்ட இன்னா சொன்னாரு, அத்தச் சொல்லு." அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்தாலும் தெரியாத கண்ணாடி. பிறகு, "அஞ்சு" என்றார். மூத்தது பெண், ஏழு வயசு. நடக்கத் தெரிந்த பிள்ளை என்பதால் அதை யாரும் தூக்கவில்லை. வடமாலபேட்டையில் அதற்குக் கால் விழுந்துவிட்டது. இடுப்பிலும் தோளிலும் ஏற்கெனவே ஆளுக்கு இரண்டு. இடுப்பிலிருந்த கைக்குழந்தைதான் இவர்களுடைய தாத்தா. இங்கேயே குந்து, கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மாசான் சொல்லிவிட்டு வந்தான். ஒன்பதாம் நாள் திரும்பிப் போனபோது அங்கே பிள்ளை இல்லை. மிஷன் பங்களாவில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு நாலு என்றான். ஒரு பிள்ளையும் சாகாமல் வந்த குடும்பம் இது ஒன்றுதான் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த நாலை யாராலும் திருத்த முடியவில்லை. நூற்றைம்பது வருஷமாக அறுப்பின் பண்டிகைதோறும் அந்தக் குடும்பத்தை எழுப்பி நிற்கவைத்து நாலுக்காக ஸ்தோத்திரம் செய்திருக்கிறார்கள். "அத்த எழுது" என்றாள் கிருபாவதி. "எழுதினா இந்தப் புக்குல மிச்சம் இன்னா இருக்குது?" என்றார் அண்ணன்.

ஜூலை பாதிக்கு அவள் முப்பத்தொன்பது கிலோ. மோதிரம் கழன்று மாம்பழக் கூழில் விழுந்தது, தேடி எடுக்க முடியவில்லை. ரத்னம்மா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பாதி திருப்பிக் குடுத்துடுக்கா. பாதி நீ வெச்சுக்கோ, பாதி நான் வெச்சுக்கறேன். நாப்பது வருசம் முழுசா தூக்கினேன், பாதி தூக்கமாட்டனா?" என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று கிருபாவதி சொன்னாள். சீசன் முடியும் தறுவாய். சித்தூருக்குப் போய் அண்ணனிடம் பேசி எழுத வைத்துவிட்டு இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சித்தூரில் அண்ணன் அவளைத் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர் என்பதால் தோள், முழங்கை, விலா என்று கையால்தான் பார்க்க முடிந்தது. பார்த்துவிட்டு அழுதார். அந்தப் பக்கமே வேண்டாம், ஃபைலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன், பஞ்சமே வராமல் புத்தகம் போகட்டும் என்றார். எடுத்தால் பசி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் சொன்னாள். பிரேமலதா சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசனையில் கிருபாவதியின் கை தானாகத் தட்டுக்குப் போயிற்று. "எடுத்துடு அண்ணா" என்றாள். "அவளுக்குன்னா பழக்கம்." தியோடர் ஜெயபிரகாஷுக்கு ஃபோன் போட்டார். தட்டில் பாதி இருக்கும்போது அவளுக்கு வயிறு நிறைந்தது. அங்கேயே பாயில் சாய்ந்து மறுநாள் விடிந்து வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

இரண்டு நாளில் அவள் போகவில்லை. உடம்பு தேறட்டும் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். காலையில் பொங்கல், மத்தியானம் கறி, சாயங்காலம் பட்டாணி வறுத்துத் தின்றாள். ரத்னம்மா நாலு தடவை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. முகத்தில் ரத்தம் வந்துவிட்டது என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். பதினேழாம் நாள் ரத்னம்மாவின் புருஷன் ரங்கையா ஃபோன் செய்தான், அதை எடுத்தாள்.

நாற்பது வருஷம் தூக்கினவளால் நாற்பது நாள் இறக்கி வைத்ததை மறுபடி தூக்க முடியவில்லை. பழக்கம் போய்விட்டிருந்தது. ரத்னம்மா குண்டான் குண்டானாக ஆக்கித் தின்றாள், மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தின்றாள், அப்புறம் ஆக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. "யாரு மேலயும் கோவம் இல்லன்னு சொல்லச் சொல்லிச்சு. நீ நல்லாத் துன்றியான்னு கேக்கச் சொல்லிச்சு" என்றான் ரங்கையா. செத்தபோது தெருக்கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். உயிர் போய் அரை மணி நேரம் அப்படியே நின்றாள். ரங்கையா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் சாய்ந்தாள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பசி அன்று சாயங்காலமே அவள் மகள் தேன்மொழிக்குப் போய்விட்டது. திருப்பதியில் நர்சிங் படிக்கிற பெண். அம்மாவைப் புதைத்த கையோடு சாவு வீட்டுச் சோற்றை ஆறு தடவை வாங்கித் தின்றது. என்ன பெண் இது என்று பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். கிருபாவதி மூலையில் நின்று பார்த்தாள்.

அங்கிருந்து, சுற்றுவழிதான் என்றாலும், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதிக்கு பஸ் பிடித்தாள். அண்ணனைக் கேட்கவில்லை. ஜெயபிரகாஷ் எதிரில் உட்கார்ந்து, எடுத்த பக்கத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி, ஆறாவது வரியை வாயால் சொன்னாள்: ஐந்து பிள்ளைகளோடு புறப்பட்டான், மூத்த பெண்ணை வடமாலபேட்டையில் உட்காரவைத்துவிட்டு வந்தான், அவள் பிழைத்தாள், அவள் வழி இன்று வரை இருக்கிறது. "சாருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டான் ஜெயபிரகாஷ். "அடிடா நைனா" என்றாள். அவன் அடித்தான். அவளுக்குக் கண் இருட்டியது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் தியோடருக்குப் படித்துக் காட்டினாள். ஒரு கை களி கொண்டுவா என்று பிரேமலதாவைக் கேட்டார், அவ்வளவுதான்.

புத்தகம் அக்டோபரில் வந்தது. சபைக் கூடத்தில் ரத்த வழியில் நாற்பத்திரண்டு பேர் கூடியிருக்க, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கிருபாவதி நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். ஸ்டீவன் நாற்பத்திமூன்றாவது ஆளாகப் பெங்களூரிலிருந்து ஃபோனில் கேட்டான். பசி நாற்பத்திமூன்றாகப் பிரிந்து ஆளுக்குக் கொஞ்சம் வந்தது. தாங்க முடியாத பசி இல்லை, எழுந்திருக்கிற நேரத்தில் இன்னொரு கரண்டி கேட்கிற அளவு. பிரியாணி போதாமல் போய், பிரேமலதா திட்டிக்கொண்டே மறுபடி அரிசி களைந்தாள். தேன்மொழி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். ஏன் மிச்சம் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அந்தக் குடும்பத்தில் பெண் பார்க்க வருகிறவர்களிடம், எங்கள் பிள்ளைகள் ஒரு கரண்டி அதிகம் தின்னும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் அதற்கென்ன என்று தலையாட்டிவிட்டு மற்றதைப் பேசுகிறார்கள்.

கிருபாவதி அடுத்த சீசனுக்கும் அறுக்கப் போனாள். போன ஜூலையில் பதினாறு நாள் அவள் வயிறு நிறையத் தின்று, கால் நீட்டித் தூங்கியிருக்கிறாள். அந்தப் பதினாறு நாளும் ரத்னம்மாவுடையவை. அவற்றை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.