கட்டம் பதினேழு

எங்கள் ஊரில் எல்லோரையும் மாலை ஆறு மணிக்குள் சேமித்துவிடுவோம். சேமிக்கப்படாதவர்களுக்கு அன்றைய நாள் நடக்காததாகிவிடும். ஞாபகங்கள் மட்டும் வேறு அட்டவணையில் இருப்பதால் தங்கிவிடும். நான் சேமிப்பு அலுவலகத்தில் பிழை பார்க்கும் பிரிவில் இருக்கிறேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தீர்த்தகிரி மாலையும் கழுத்துமாக வந்தார். கூடவே மணப்பெண் பவளக்கொடி, அவளுடைய அப்பா மாதப்பன், தீர்த்தகிரியின் அம்மா.

"இன்னியோட நாலு கல்யாணம் ஆச்சு சார். காலைல எழுந்து பாத்தா கழுத்துல தாலி இருக்கறதில்ல" என்றாள் பவளக்கொடி. "நாலு தடவையும் இவருக்கு ரெண்டாவது முடிச்சு சரியா விழல."

"சமையல்காரர் இனிமே வரமாட்டேன்னுட்டார்" என்றார் தீர்த்தகிரி. "நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கு விட்டா ஒரு மாசம் காத்திருக்கணும்."

அவருடைய பதிவைத் திறந்தேன்; உறவினரில் ஆளுக்கு ஒரு கட்டம். தாய்மாமன் கட்டம் பதினேழில் இருந்தார். மாமனாரும் பதினேழில் இருந்தார். மாதப்பன் தன் பெண்ணை அக்கா மகனுக்குக் கொடுத்திருந்தார். ஒரே கட்டத்தில் இருவர் எழுத முற்பட்டால் இயந்திரம் யாரையும் சேமிக்காது.

"நான் ஒரே ஆள்தானே சார்?" என்றார் மாதப்பன்.

"ஆள் ஒண்ணுதான். எழுதற கை ரெண்டு."

புதிதாக ஒரு கட்டம் போட வேண்டுமென்றால் ஊரையே ஒரு நாள் நிறுத்த வேண்டும். போன முறை நிறுத்தியபோது ஆற்றைத் திரும்பக் கிளப்ப ஒரு வாரம் பிடித்தது. ஆகவே இருவரில் ஒருவர் எழுதலாம், அதாவது பேசலாம், கேட்கலாம்; மற்றவர் பார்க்க மட்டும்தான் முடியும் என்றேன்.

"தாய்மாமனே எழுதட்டும். அதுதான் பழசு" என்றார் தீர்த்தகிரியின் அம்மா.

"அப்ப இவர் என்னைத் திட்டினா எங்கப்பா கேக்க முடியாதா?"

"தாய்மாமனா கேக்கறேம்மா" என்றார் மாதப்பன்.

"தாய்மாமனா கேட்டா அவர் பக்கம்தானே பேசுவீங்க. இருபத்தெட்டு வருஷமா அதத்தானே செய்யறீங்க?"

தீர்த்தகிரி மாலையிலிருந்து ஓர் இதழைக் கிள்ளினார்.

"அப்ப எம்பையனுக்குத் தாய்மாமன்?"

"இருப்பாரு அத்தே. பேசமாட்டாரு, அவ்வளவுதான்."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. மாதப்பன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"மாமனாரே எழுதட்டும் சார்" என்றார். "தாய்மாமன் நெறைய எழுதிட்டான்."

ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சேமித்தேன். இயந்திரம் பிழை எதுவும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஆடி பிறந்தது. பவளக்கொடியின் கழுத்தில் தாலி இருந்தது. மாமனார் காலையிலேயே போய் மருமகனை உட்காரவைத்து, இரண்டாவது முடிச்சைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாராம். தாய்மாமன் தனி உருவாகப் பிரிந்து, அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரோரம் கண்ணாடியோடு அசையாமல் நிற்கிறார்.

தம்பிமேல் படியும் தூசியைத் தட்டுவது எழுதுவதில் சேருமா என்று கேட்டு அக்கா மனு கொடுத்திருந்தார். சேராது என்று பதில் அனுப்பினேன். கண்ணாடியை மட்டும் தினமும் துடைத்துவிடுமாறு கீழே ஒரு வரி சேர்த்தேன். பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.