மலையை அடித்த வழக்கு

துணி துவைக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் அவனுக்கு ‘மலை’ என்று பட்டப்பெயர். எந்தக் கதவிலும் ஒருக்களித்துத்தான் நுழைவான். குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

போன வாரம் சரிசெய்த மெஷின் மறுபடி மக்கர் செய்கிறதென்று ஒரு வீட்டில் குடியிருந்தவன் மாடிப்படியில் வைத்து அவனை இரும்புக் குழாயால் விளாசிவிட்டான். காதில் ரத்தம் வழிய மலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். புகார் எழுத உட்கார்ந்திருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உன்னையா அடிச்சான்? நீ தும்முனாலே அவன் பறந்துருவானேப்பா.”

ஸ்டேஷனே சிரித்தது. மலையும் சேர்ந்து சிரித்தான். புகாரை யாரும் பதியவில்லை.

வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் வேடிக்கை போலச் சொன்னான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். எதையும் உற்றுப் பார்த்துப் பழகியவள். வெந்நீரில் துணியை நனைத்துக் காதைத் துடைத்துக்கொண்டே, “நீங்க ஏங்க சிரிச்சீங்க?” என்று கேட்டாள். அவனுடைய தோள்கள் குலுங்கின. கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அந்தக் காது அதோடு போயிற்று. இருவரும் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று இழுத்தடித்ததில் மாடிப்படிக் கேமராவின் பதிவு அழிந்துவிட்டது. அடித்தவன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டான்.

அப்போதுதான் அவள் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடுவோம் என்றாள். மலை தயங்கினான். அவனுடைய அண்ணன், அரசாங்கத்தோடு மோதுவது மலையோடு மோதுவது மாதிரி என்று பயமுறுத்தினார்.

“மலையோடதானே மாமா இத்தனை வருஷமா குடும்பம் நடத்தறேன்,” என்றாள் அவள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஒருநாள் மலை கூண்டில் ஏறினான். இவ்வளவு பெரிய மனிதர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்கினார் என்றால் போலீஸ் எப்படி நம்பும் என்று அரசு வக்கீல் கேட்டார். திருப்பி அடிக்காதது ஏன் என்று நீதிபதியும் கேட்டார். பெண்மணி அவர், கிண்டலாகக் கேட்கவில்லை.

மலை கம்பியைப் பிடித்துக்கொண்டான். “நான் அடிச்சா அவரு தாங்க மாட்டாருங்க. அதான் அடிக்கல.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

புகார் கொடுக்க வருபவரின் உடம்பை எடைபோடுவது போலீசின் வேலையல்ல என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அரசு நஷ்ட ஈடு தர வேண்டும், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அடித்தவன்மேல் வழக்குப் பதிந்து அவனைத் தேட வேண்டும். தேடினாலும் கிடைப்பானா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் நீதிபதி வாசித்ததை, கேட்கிற காதைத் திருப்பி ஒரு சொல் விடாமல் மலை கேட்டான்.

திரும்பும் பஸ்ஸில், இறங்கும் இடம் வருவதற்கு முன்பே அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படி அசந்து தூங்கி அவன் பார்க்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் அதன் பெயரைச் சொல்லிக் கூவினார்.

மலை அசையவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் இரண்டு டிக்கெட் என்று மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.