கோட்டைவாசலின் வெளிப்பக்கம்

"இந்த வருஷம் விழாவுல கோட்டைக் கதவுச் சாவியை எங்க அப்பாதான் திருப்பணும்."

இதைக் கேட்கவே கூடாது என்று பேருந்தை விட்டு இறங்கியதுமே அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

விழாக் குழுத் தலைவர் ஃபுல்வியோ மருந்துக் கடைக்காரர். என் கன்னத்தில் தட்டிக் கொடுக்கும் வயது எனக்குப் போய்விட்டது என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். "மதிலுக்குள்ள வீடு இருக்கிறவங்க பேரைத்தான்மா சீட்டெழுதிப் போடுவோம். சீட்டு யோஸ்ட்டுக்கு விழுந்திருக்கு. நான் என்ன பண்ண?"

யோஸ்ட் ஹாலந்துக்காரர். ரொட்டிக்கடை வீட்டை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஆகஸ்டில் பத்து நாள் வருவார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா சாவி எந்தப் பக்கம் திரும்பும்னு அவருக்குக் கத்துக்கொடுக்க எங்க அப்பாவைத்தானே கூப்பிட்டீங்க?"

"பட்டதாரியம்மாவுக்குக் கோபம் வந்திடுச்சு," என்றார் செயலாளர். "பெருஜா யுனிவர்சிட்டியில இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா?"

முப்பத்தொரு வருஷமாக அந்தக் கோட்டைக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போடுவது நகராட்சித் தொழிலாளியான என் அப்பா. விழா நாளில் மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். வீட்டுக்காரர்கள் உள்ளே, கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் நாங்கள் ஒரு மணி நேரம் வெயிலில், வெளியே. பிறகு திறந்து ஆளுக்கொரு கோப்பை வைன் தருவார்கள். மதிலுக்குள் குளிர்காலத்திலும் விளக்கெரிகிற வீடுகள் இப்போது ஒன்பதுதான். விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த நேரம் அப்பா எண்ணெய்த் துணியோடு குழு அறைக்குள் வந்தார்.

"இவோ, உனக்குச் சாவி வேணுமாமே? பொண்ணு சொல்றா," என்றார் ஃபுல்வியோ அப்பாவிடம்.

அப்பா கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை அது. "எனக்கு எதுக்குங்க? வெளியில நின்னு கேட்டாத்தான் கீல் முனகுதான்னு தெரியும்."

எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள்.

சிறுவயதில் அவர் தோளில் உட்கார்ந்து நானும் அதை நம்பியிருக்கிறேன். கதவு மூடும்போது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு "முனகல" என்பார். விழாவில் பாதி வேலை எங்களுடையது என்று நினைத்துக்கொள்வேன். கீல் முனகினால் உள்ளே நிற்பவனுக்கும் கேட்கும். அது அவருக்குத் தெரியாதா? அத்தனை வருஷம் வெளியே நிற்பதற்கு அவர் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தார். இவர்கள் முன்னால் அதை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை இவர்கள் சௌகரியமாகச் சாய்ந்துகொள்ளும் சுவராக விட்டுவைக்கவும் மனமில்லை.

"சரி, போய் உடையை மாத்திக்கோ," என்றார் ஃபுல்வியோ. "அறிவிப்பு படிக்கணும்ல."

கதவு மூடுமுன் பழைய லத்தீன் அறிவிப்பை உள்ளே நின்று படிப்பது மூன்று வருஷமாக நான்தான். எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு மணி நேரம் உள்ளே இருந்த ஒரே ஆள்.

"நான் படிக்கல."

"வேற யாருக்கு அது வாயில நுழையும்?"

"யோஸ்ட்டைக் கேளுங்க."

"நோயெமி," என்றார் அப்பா தாழ்ந்த குரலில், "நீ படிக்கப்போறேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. படிச்சிடு கண்ணு."

அவர் முகத்தைப் பார்த்தால் படித்துவிடுவேன். பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சாவி தர மறுத்தால் படிப்பதில்லை என்று மேலே ஏறி வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

"மூணு மணிக்கு வெளியில உங்க பக்கத்துல நிப்பேன்பா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.