சுமைதூக்கி

கண்ணாடித் தகட்டில் அந்தப் புள்ளி இல்லை. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள். காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த மற்றக் கொழுப்புகள் எல்லாம் கரும்புள்ளிகளாக எழும்பியிருந்தன. எது இருக்க வேண்டுமோ அது மட்டும் இல்லை.

கிருமி தனக்குள் செய்யும் மெழுகு போன்ற ஒரு கொழுப்பை வெளிச்சுவர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு லிப்போபுரதம், கொழுப்பு வால் ஒட்டிய புரதம். தன் வயிற்றுக் குழிவில் வாங்கிக்கொண்டு போய் இறக்கிவிடும். அந்தப் போர்வை இல்லாத கிருமியை உடம்பின் காவல் செல்கள் எளிதாக மென்றுவிடும். புரதத்தை அவள் நீக்கிப் பார்த்தாள், கிருமி துவண்டது. இத்தனை காலமும் அந்தத் துவளலின் மேல்தான் கால் ஊன்றி நின்றாள்.

ஆனால் சுமக்க ஆளில்லாவிட்டால் சுமை உள்ளேயே தேங்கியிருக்க வேண்டும், தகட்டில் தெரிய வேண்டும். இங்கே சுமையே இல்லை. குடுவையின் சொகுசில், எதிரியே இல்லாத இடத்தில் குடுவை குடுவையாக மாற்றி வளர்த்ததில், கிருமி அந்தக் கொழுப்பைச் செய்வதையே விட்டுவிட்டிருந்தது. துவண்டது அதனால்தான். அவள் நீக்கிய புரதத்தால் என்று இனி சொல்ல வழியில்லை.

"புரதத்த நீக்குறதுக்கு மொதல்லயே இந்தத் தகட்ட ஓட்டிக் கொழுப்பு இருக்கான்னு பாக்கலையா நீ?" பக்கத்து மேசை நெட்டையன் கேட்டான். "நம்ம லேப்ல காலெடுத்து வச்சதும் சொல்லித் தர்றதே இதானே..." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, புதுசா ஆரம்பிக்கலாம்" என்றான்.

பார்த்திருக்கலாம். எந்த மருந்துக்கும் சரியாக அடங்காத காசநோய்க் கிருமி என்று அண்ணனின் சளிப் பரிசோதனை முடிவு வந்த வாரம் அது. அவசரப்பட்டாள்.

வீட்டில் அண்ணன் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கழுத்தெலும்பு சட்டைக்கு மேல் துருத்தி நின்றது. கையில் சிவப்பு மாத்திரைகள்.

"வாங்க விஞ்ஞானி. உங்க சுமைதூக்கியோட சீட்டக் கிழிச்சு அனுப்பினீங்களே, மொதலாளி இன்னும் சாகலையா?"

புரதம் சுமைதூக்கி, கிருமி முதலாளி என்று அவள்தான் அவனுக்கு விளக்கியிருந்தாள். அதிலிருந்து மருந்து வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"மாத்திரை போட்டியாண்ணா?"

"குமட்டுது. காதுல வேற எந்நேரமும் ஙொய்னு ஒரு சத்தம். நீ எதையோ கொண்டு வரப்போறேன்னுதான் இந்தக் கருமத்த முழுங்கிட்டிருக்கேன். இல்லன்னா என்னைக்கோ தூக்கிப் போட்டிருப்பேன். சொல்லு, எப்படிப் போகுது?"

வாசற்படியிலேயே நின்று அவள் முகமூடியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

மாத்திரை வைத்திருந்த அவன் கை வாய்க்கும் போகவில்லை, மேசைக்கும் போகவில்லை. உள்ளங்கை ஈரத்தில் மாத்திரைகளின் சிவப்பு கசிந்து, ரேகைகள் வழியே மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.