நாத்தனாரின் தலைவலி

கேக் மேல் கிரீமால் பெயர் எழுதுவது என் வேலை. அதற்கு வலது ஆட்காட்டி விரல் வேண்டும். அந்த விரல்தான் மக்கர் செய்தது. கடையின் குளிர் அறைக்குள் போய்வந்தால் வெளுக்கும், பிறகு நீலம் பாயும். கடைசியில் நுனியில் ஒரு புண் வந்து, ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

டாக்டர் நுனியில் ஊசியால் குத்தினார். வலியும் இல்லை, ரத்தமும் இல்லை.

"நுனி வரைக்கும் ரத்தம் போகலம்மா. குழாயெல்லாம் சுருங்கிக் கிடக்கு. ஒரு களிம்பு தரேன். தோல் வழியா இறங்கி அந்த இடத்துக் குழாயை விரிக்கும். தலை வலிக்கலாம், பயப்படாதீங்க. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா நுனியை எடுத்துட வேண்டியதுதான்."

எடுத்துடணுமா? அதற்குப் பிறகு அவர் களிம்பு பூசும் முறையை விளக்கியது எதுவும் என் காதில் ஏறவில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் என் நாத்தனார், கணவரின் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணியே பழகியவள்.

"கையைக் குடுங்க அண்ணி. உங்களுக்குப் பொறுமை ஏது?" என்று களிம்பை வழித்தெடுத்து, காலையும் மாலையும் அழுத்தித் தேய்த்தாள், கார் கண்ணாடியைத் துடைப்பது போல. பாசமாகத்தான் தேய்த்தாள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

என் விரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குத்தான் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவாள்.

"உங்க புலம்பலைக் கேட்டே மண்டை இடிக்குது அண்ணி!"

"நல்லா இருக்குடி கதை! விரல் போகப்போறது எனக்கு, தலைவலி உனக்கா?"

என் கணவர் வழக்கம்போல் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஒரு நாள் சண்டை முற்றிப்போய், "நீங்களே தேய்ச்சுக்குங்க!" என்று டியூபை என் மடியில் போட்டுவிட்டு அவள் கார் கழுவப் போனாள். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. இடது கையால் பரபரவென்று தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. வாசலில் அவளோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தலைவலியின் சுவடே இல்லை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. தலை வலிக்கலாம் என்றாரே டாக்டர்! இத்தனை நாள் எனக்கு ஏன் வலிக்கவில்லை?

"அடியே, ஓடி வாடி! எனக்குத் தலைவலி!"

"அதுக்கு ஏன் அண்ணி சிரிக்கிறீங்க?"

"என் மருந்தெல்லாம் உன் கை வழியா உனக்குள்ள போயிருக்குடி!"

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். "ஐயோ, வெறுங்கையால தேய்ச்சீங்களா?" என்றார் நர்ஸ். "கையுறை போட்டுக்கிட்டு, கூட வந்த காகிதத்துல கொஞ்சமா எடுத்து விரல்ல வச்சு, அப்படியே ஒட்டி விடணும். தேய்க்கவே கூடாது."

காகிதக் கட்டு களிம்புப் பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்தது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். நானும்தான், டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காமல் வந்தவள் நானாயிற்றே. அன்று முதல் அவள் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காகிதத்தை ஒட்டினாள். எனக்குத் தினமும் தலை வலித்தது. அப்பாடா, அந்தச் சனியனை நான் எப்படி வரவேற்றேன் தெரியுமா! சீக்கிரமே நுனியில் குறுகுறுத்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடுமோ என்று பயம்.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. நாத்தனாரும் கூட வந்தாள். ரத்தத்தைக் கண்டாலே மயங்குகிறவள், அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் நின்றாள். டாக்டர் ஊசியை எடுத்து, முன்பு குத்திய அதே இடத்தில் குத்தினார்.

"ஆ! வலிக்குது!"

நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். நுனியில் செக்கச்செவேலென்று ஒரு சொட்டு ரத்தம் திரண்டு நின்றது.

"இந்த விரல்ல இனி எதையும் எடுக்க வேண்டாம்," என்றார் டாக்டர். "போய் கேக்ல எழுதுங்க."

நாத்தனார் ஓவென்று அழுதாள். "ஜெயிச்சுட்டோம் அண்ணி!"

பஞ்சோடு வந்த நர்ஸைக் கையால் தடுத்தேன்.

"இன்னொரு தடவை குத்துங்க டாக்டர்!"