எந்த ரோசி?

வேப்பிலை முகத்தில் படப் படத் திரௌபதிக்குத் தும்மல்தான் வந்தது. கங்கையம்மன் கோயில் வாசலில் குப்பமே கூடியிருந்தது. பூசாரி சுப்பன் உடுக்கையை நிறுத்திவிட்டு அவள் காதருகே குனிந்து அதட்டினான்.

"யாரு நீ? பேர் சொல்லு."

நிதானமாகக் கேட்டிருந்தால் அவளும் நிதானமாகச் சொல்லியிருப்பாள். அதட்டினால் அவள் வாயில் வருவது ஒரே பதில்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதட்டலுக்குப் பதில் சொல்வதுதானே அவள் பிழைப்பு.

"ரோசி," என்றாள்.

கூட்டம் பின்வாங்கியது. நாத்தனார் மாரி இடுப்பிலிருந்த குழந்தையைச் சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டாள். அது திரௌபதியின் குழந்தை, இன்னும் தவழவும் ஆரம்பிக்காத பெண்.

ரோசி என்றால் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏரிக்கு அக்கரையில், ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டியிருந்த துரை வீட்டில் வேலை செய்தவள். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஏரியில் விழுந்து செத்துப்போனாள். உடம்பு இந்தக் குப்பத்து வலையில்தான் சிக்கியது. கோட்டைச் சேவகர்கள் வந்து பார்த்து, "தொரை வூட்டு ரோசி" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் இடத்துக்குத்தான் திரௌபதி வேலைக்குப் போனாள். பிறகென்ன யோசிக்க இருக்கிறது? செத்தவள் தன் இடத்துக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டாள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"பேர் சொல்லிட்டா பாதி போன மாதிரி," என்றான் சுப்பன், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "வர்ற வெள்ளிக்கெழம கூட்டினு வாங்க. உச்சி முடிய எடுத்து மரத்துல வெச்சு ஆணி அடிச்சுடலாம். அதுவரிக்கும் கொயந்தைய மட்டும் இவ கையில குடுக்காதீங்க."

திரௌபதியின் புருஷன் துளசிங்கம் தலையாட்டினான். அவனுக்கு எதுவுமே விளங்கவில்லை என்பது அவன் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

குழந்தையை அவளிடம் கொடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. நாலு நாள் முந்தி, சாயங்காலம் கரையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், குழந்தையை ஈரமணலில் வைத்துவிட்டு எழுந்து ஏரிக்குள் இறங்கி நடந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்வரை போய்விட்டாள். மாரி ஓடிவந்து குழந்தையை எடுத்தபோது அதன் காலை அலை நனைத்துக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சாங்களே அண்ணி, கேக்கல?" என்றாள் திரௌபதி.

துரைசாணி கூப்பிட அடிக்கும் கைமணி அது. அக்கரையில் நாலு சுவருக்குள் அடிக்கிற மணி இக்கரைக்கு எப்படிக் கேட்கும்? ஆனால் அவளுக்குக் கேட்டது. சோறு வடிக்கும்போது கேட்டது, தூக்கத்தில் கேட்டது. திரௌபதி என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் கேட்கவில்லை. புருஷன் சாப்பிட உட்கார்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அரிசி புடைத்துக்கொண்டே அழுதாள். "இன்னாடி ஆச்சு?" என்று மாரி கேட்டால், கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, கை ஈரமானதைக் கண்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

பேய் பிடித்தவளை வேலைக்கு அனுப்பினார்களா என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிப்போன வருஷம் அது. மீனும் இல்லை, இறாலும் இல்லை. அடுப்பு எரிவது துரை வீட்டு அரிசியால். ஆகவே பேயை விரட்டியே தீரவேண்டும், பேய் பிடித்த வீட்டு வேலையை மட்டும் விட்டுவிடக்கூடாது என்று குப்பம் ஒரு நல்ல முடிவுக்கு வந்திருந்தது.

மறுநாள் தோணியில் ஏரியைக் கடக்கும்போது திரௌபதி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைப் பேர் கேட்டார்கள். நான் ரோசி என்று சொன்னேன். நான்தான் சொன்னேனா? சொன்ன குரல் என் குரல்தான். ஆனால் பேய் பேசினாலும் என் குரலில்தானே பேசும். அவள் நாக்கைக் கடித்துப் பார்த்தாள். வலித்தது. வலித்தது எனக்கா அவளுக்கா என்று அடுத்த கேள்வி வந்து நின்றது. இப்படி யோசிக்க ஆரம்பித்தால் முடிவே இல்லை. குழந்தைக்கான பால் நெஞ்சில் கட்டிக்கொண்டு வலித்தது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தன்னுடையது என்று பட்டது.

துரை வீட்டில் அன்றும் வழக்கம்போல் தரையைத் துடைத்தாள், துணிக்குக் கஞ்சி போட்டாள், துரைசாணியின் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டினாள். "ரோசி" என்ற குரலுக்கு ஓடினாள். அப்படி ஓடும்போதுதான் ஒரு தடவை நடுவில் நின்றுவிட்டாள். ஓடுவது யார் என்று தெரியாமல் எப்படி ஓடுவது?

மத்தியானம் துரைசாணி தூங்கின பிறகு சமையற்கட்டுக்குப் போனாள். சமைப்பவள் மரியம்மா, மீஞ்சூர்ப் பக்கத்துக்காரி, அந்த வீட்டிலேயே வேலை செய்து தலை நரைத்தவள். மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரோசின்றவ எப்படிக் கீந்தா?"

மரியம்மா கத்தியை நிறுத்தாமலே கேட்டாள். "எந்த ரோசி?"

திரௌபதி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தினி ரோசி கீறாங்க?"

"ஏன், உனக்கு யாரும் சொல்லலியா? தொரைசாணி கப்பல்ல வந்தப்ப பத்தாவியா பட்ணத்துல இருந்து கூட ஒரு பொண்ணக் கூட்டினு வந்தாங்க. அவதான் நெஜ ரோசி. அவ சீக்கு வந்து போய்ட்டா. அடுத்து வந்தவளையும் ரோசினே கூப்டாங்க. நாக்கு பயகிடுச்சாம். அப்புறம் வந்தவங்க எல்லாம் ரோசிதான். உனக்கு முன்னாடி இருந்தவ காட்டூர்க்காரி. அவ பேர் ரங்கம்மா."

"ஏரில வுயுந்தவளா?"

"அவதான்."

"அவ பேர் ரோசி இல்லியா?"

"உன் பேர் ரோசியா?" என்று மரியம்மா திருப்பிக் கேட்டாள்.

திரௌபதி சொல்ல வாயெடுத்து, எதைச் சொல்வது என்று தெரியாமல் மென்று விழுங்கினாள். அப்புறம் மெதுவாக, "அவ ஏன்க்கா வுயுந்தா?" என்று கேட்டாள்.

இப்போது கத்தி நின்றது. மரியம்மா செதிள் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியல. அயுதுகினே வேல செய்வா. வேலதான் செய்யறாளேனு நாங்களும் வுட்டுட்டோம்."

அந்த வாரம் முழுக்கத் திரௌபதி அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். செத்தவள் ரங்கம்மா. பேயாக வந்தவள் ரங்கம்மாவாக இருந்தால் ரங்கம்மா என்றுதானே சொல்லியிருக்கவேண்டும்? தன் பேரை எந்தப் பேயாவது மறக்குமா? அப்படியானால் பத்தாவியாக்காரி வந்திருக்கிறாளா? அவளுக்கு இந்தக் குப்பத்தில் என்ன வேலை? ஒருத்தியும் வரவில்லை என்றால் இந்தக் கண்ணீர் யாருடையது? யோசித்தாள், மறந்தாள், மறுபடியும் யோசித்தாள். இடையில் மணி அடித்தது. நிஜமாக அடித்ததா என்று தெரியாமல் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து ஓடினாள்.

வீட்டில் குழந்தை மாரியின் மடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அதற்குப் பால் கொடுத்தாள். திரௌபதி வாசலில் நின்று பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. கையை நீட்டினாள். மாரி குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். மாரி கெட்டவள் இல்லை, பயந்தவள். அதற்காகத் திரௌபதிக்கு வலிக்காமலா இருக்கும்?

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மறுபடியும் கோயில் வாசலில் உட்காரவைத்தார்கள். பனைமரத்தடியில் ஆணியும் கல்லும் தயாராக இருந்தன. துளசிங்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். ஏரியில் வலைபோடக் குப்பத்தில் முறை வைத்திருந்தார்கள். அன்று அவன் முறை. முறை தவறினால் போனதுதான். மச்சான்மார் தோணியோடு காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று எல்லாருக்கும் இருந்தது.

உடுக்கை அடித்தது. வேப்பிலை அடித்தது.

"பேர் சொல்லு."

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. தொண்டைவரை வந்த ரோசியைப் பிடித்து நிறுத்தினாள்.

"திரௌபதி."

சரியான பதில் சொன்னதற்கு விழுந்தது ஒரு அடி. "பொய் சொல்லுதுடா," என்றான் சுப்பன் கூட்டத்தைப் பார்த்து. "போன வாரம் இன்னா சொன்ன? ரோசினு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். ரோசின்றது அந்த வூட்டு வேலக்காரி பேரு. யார் போனாலும் அதான் பேரு. செத்தவ பேர் ரங்கம்மா."

சுப்பன் அசரவில்லை. எத்தனை பேயைப் பார்த்தவன். "சரி. அப்ப உள்ள குந்திகினு அயுவறது ரங்கம்மாதான?"

கூட்டம் ஆமோதித்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். நாலு முடியோடு ரங்கம்மாவை மரத்தில் அறைந்துவிட்டு, குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். திரௌபதிக்கும் அது தெரிந்திருந்தது. குழந்தையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் காட்டூரிலிருந்து வந்து, அழுதுகொண்டே வேலை செய்து, பேர்கூட இல்லாமல் வலையில் சிக்கியவள் மேல் இதையும் ஏற்றிவிட அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்ல. அயுவறது நான்தான்," என்றாள்.

உடுக்கை நின்றது. பேய் அழுதால் என்ன கேட்கவேண்டும் என்று சுப்பனுக்குத் தெரியும். உனக்கு என்ன வேண்டும், எதைக் கொடுத்தால் போவாய், எந்த வழியாகப் போவாய் என்று வரிசையாகக் கேட்பான். ஒரு பெண்பிள்ளை நான்தான் அழுகிறேன் என்று சொன்னால் அவளை எங்கே போகச் சொல்வது? அவன் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். மாரி வாயைப் பொத்திக்கொண்டாள். பேய் என்று கேட்டபோதுகூட அவள் இப்படித் திகைத்ததில்லை.

கரையிலிருந்து ஒருத்தன், "துளசிங்கம், மொற போவுது, வர்றியா இல்லியா?" என்று கூப்பிட்டான்.

துளசிங்கம் திரும்பவில்லை. வந்து அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபமும் இல்லை, தெளிவும் இல்லை.

"நீயா அயுவற?"

"ஆமா."

"இன்னாத்துக்கு அயுவற, திரௌபதி?"

அவள் யோசித்தாள். அக்கரை வீடு, மணி, மாரி மூடிக்கொண்ட முந்தானை, இடுப்பளவுத் தண்ணீர் எல்லாம் வந்தன. எதையும் எடுத்து இதுதான் என்று அவன் கையில் கொடுக்க முடியவில்லை.

"தெரியலியே," என்றாள்.

"சரி. தெரியறப்ப சொல்லு."

யாரையும் கேட்காமல் குழந்தையை அவள் மடியில் வைத்தான். தடுக்க வந்த மாரி பாதியில் நின்றுவிட்டாள். குழந்தை மோந்து பார்த்து, முட்டிக் குடிக்க ஆரம்பித்தது. அது குடித்து முடிக்கும்வரை துளசிங்கம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றி இறுகப் பிடித்தபடி.