எந்த ஹேண்டல்?

"அவன் வெள்ளைக்காரன்! லண்டனிலை இருந்து லண்டனிலையே செத்தவன்!"

"பிறந்தது ஜெர்மனியிலை, அப்பா! ஜெர்மன்காரன் ஜப்பான்காரனுக்குக் கூட்டாளி!"

1943இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கக் கேட்ட சண்டை இது. கந்தையருக்கும் மகள் குணேஸ்வரிக்கும் நடுவே கிடந்தது ஓர் இசைத்தட்டு. எதிரி நாட்டுச் சங்கீதத் தட்டுகளை ஒப்படைக்க வேண்டும், ஜெர்மன் சங்கீதம் இருக்கலாம் என்று ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் உத்தரவு. அவளிடம் இருந்த ஒரே தட்டோ ஹேண்டல் இயற்றியது. ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய், அந்த ராஜாவின் குடிமகனாகவே ஆகிவிட்ட மனிதர். செத்து இத்தனை காலம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் இப்படி இழுபடுவோம் என்று அவர் கண்டாரா?

தட்டைக் கொடுத்தவன் சீவரத்தினம். இங்கேயே, கிள்ளானில் பிறந்து வளர்ந்த ரயில்வே கிளார்க். அவனுடைய தகப்பனின் யாழ்ப்பாணத்து ஊர் கந்தையருக்கு ஆகாது. மாப்பிள்ளைதான் வேண்டாம் என்றாகிவிட்டது. தட்டும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

"எங்கை பிறந்தால் என்ன? எங்கை இருந்தான் எண்டதுதான் கதை."

"அப்ப யாழ்ப்பாணத்திலை பிறந்து முப்பது வருஷமா இங்கை இருக்கிற நீங்கள் ஆர், அப்பா?"

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். உப்புக் கேட்க வந்து, சண்டை ருசியாக இருந்ததால் நின்றுவிட்ட பக்கத்து வீட்டு வீரம்மாவிடம், "அக்கா, ஹேண்டலை ஒளிச்சு வையுங்கோ, கெதியா!" என்று கிசுகிசுத்துவிட்டுக் குணேஸ்வரி கதவைத் திறக்க ஓடினாள்.

வீரம்மாவுக்குத் தெரிந்த ஹேண்டல் ஒன்றுதான்: கிராமபோன் பெட்டியின் பக்கத்தில் சொருகி, பாட்டு வைக்குமுன் சுற்றுவார்களே, அந்தப் பிடி. அதை உருவி மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்குள் திணித்தாள். தட்டு பெட்டிமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

உள்ளே வந்த ஜப்பான் ஆபீசர் நேரே அதைத்தான் பார்த்தான். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இங்லிஷ்? ஜெர்மன்?" என்றான்.

"ஜெர்மன், மாஸ்டர்! போர்ன் இன் ஜெர்மனி! போர்ன்தான் இம்பார்ட்டண்ட்!" என்றார் கந்தையர்.

ஆபீசர் சிரித்தான். பாட்டு வை என்று சைகை காட்டினான். கந்தையர் பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"பிள்ளை, ஹேண்டல் எங்கை?"

"உங்கடை மூக்குக்கு முன்னாலைதானே இருக்கு!"

"அதில்லையடி, ஹேண்டல்!"

"அதுதான் அப்பா, ஹேண்டல்!"

"ஹெண்டெரு," என்று ஆபீசரும் தன் பங்குக்குத் தட்டைக் காட்டினான்.

"சத்தியமா நான் ஒளிக்கலைங்க!" என்றாள் வீரம்மா, யாரும் கேட்காமலே.

கடைசியில் ஆபீசரே விரலால் தட்டைச் சுற்றினான். ஹேண்டலின் சங்கீதம் பல்வலிக்காரன்போல முனகியது. ஜெர்மன் சங்கீதம் இப்படித்தான் போலும் என்று அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திய கையோடு குணேஸ்வரி திரும்பினாள். "பிறந்த இடம்தான் முக்கியம் எண்டு நீங்களே சொன்னீங்கள். சீவரத்தினம் பிறந்தது கிள்ளான். அவரின்ரை அப்பான்ரை ஊர் எங்களுக்கு என்னத்துக்கு?"

கந்தையர் கிழங்கு மூட்டையை வெறித்துப் பார்த்தார். அதிலிருந்து வீரம்மா அப்போதுதான் எதையோ உருவிக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் நாட்டை விட்டுப் போன வருஷமே சீவரத்தினத்தோடு கல்யாணம். குணேஸ்வரி தட்டோடு கிள்ளானுக்குப் போனாள். கிராமபோனும் பிடியும் கந்தையரிடமே நின்றுவிட்டன. வீரம்மா மகனோடு சுங்கை பூலோவுக்குக் குடிபோனாள். அங்கே யார் எதை எடுத்துவைக்கச் சொன்னாலும், "எந்த?" என்று கேட்காமல் அவள் கை வைப்பதில்லையாம்.